மனசு போதாதா, முழங்கால் எதற்கு? – ஆரணி சகோதரியின் கேள்விக்கு விளக்கம்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. இன்றைக்கு நான் வேறு ஒன்றைப் பேசுவதாகத்தான் இருந்தேன். ஆனால் ஆரணியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி சில நாட்களாக என்னை விடவே இல்லை. அதனால் அதைத்தான் முதலில் எடுக்கிறேன். வாசிக்கிறேன், கேளுங்கள்.

"எங்கள் கோயிலில் எழுந்தேற்றத்தின்போது (பூசையில் குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் நேரம்) பாதிப் பேர் முழங்கால் போடுகிறோம், சிலர் நிற்கிறார்கள், நாற்காலியில் இருப்பவர்கள் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன், 'கடவுள் மனசைத்தானே பார்க்கிறார், முழங்காலையா பார்க்கிறார்?' என்கிறான். என் அம்மாவுக்கோ மூட்டுவலி. முழங்கால் போட முடியவில்லையே என்று பூசை முடிந்து அழுகிறார். இவர்கள் இரண்டு பேருக்கும் நான் என்ன சொல்ல?"

முதலில் பாட்டியம்மாவுக்குச் சொல்லிவிடுகிறேன். அழ வேண்டாம் அம்மா. திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிகளில் 43ஆம் எண் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. உடல்நலம் இல்லாதவர்கள், இடநெருக்கடியில் இருப்பவர்கள் முழங்கால் போடாமல் இருக்கலாம். ஆனால் அப்பத்தின் மேலும் கிண்ணத்தின் மேலும் இயேசுவின் வசனம் சொல்லி முடித்துக் குருவானவர் முழங்கால் இடுகிறாரே, அப்போது நீங்கள் நன்றாகக் குனிந்து வணங்க வேண்டும். அப்பத்துக்கு ஒருமுறை, கிண்ணத்துக்கு ஒருமுறை. நிற்க முடியவில்லையா, நாற்காலியில் இருந்தபடியே குனியுங்கள். அது குறைந்த வணக்கம் இல்லை.

சரி, இப்போது தம்பிக்கு.

தம்பி, கடவுள் மனசைப் பார்க்கிறார் என்பது உண்மை. ஆனால் மனசு மட்டும் தனியாகக் கோயிலுக்கு வருவதில்லையே! உடம்பும் சேர்ந்துதான் ஜெபிக்கிறது. இதை மூவேளை ஜெபத்தைப் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், சாம்பல் புதன் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அதையேதான் சொல்லப்போகிறேன். உன் தாத்தா வீட்டுக்குள் வந்தால் நீ உட்கார்ந்தபடியே, "மனசுக்குள் எழுந்து நின்றுவிட்டேன் தாத்தா" என்று சொல்வாயா? யோசிப்பதற்கு முன்பே கால் எழுந்துவிடும்.

பெரிய வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார். பீடத்தில் துணி இல்லை, மெழுகுவத்தி இல்லை. குருவானவர் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் முகங்குப்புற விழுகிறார். கோயில் முழுக்க முழங்காலில் இருக்கிறது. அந்த நேரத்தில் கைக்குழந்தைகூட அழுவதில்லை என்று எனக்குத் தோன்றும். அதற்கு மேல் ஒரு பிரசங்கம் வேண்டுமா?

ஆனால் தம்பி, நீ இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஏன் எல்லோரும் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கலாம்.

நம் வட ஆற்காடு விசுவாசம் எப்படி வந்தது என்று பார். பிரான்சிலிருந்து வந்த குருவானவர் தர்ராஸ் சாமி, திருவண்ணாமலைப் பக்கத்துச் சேத்துப்பட்டை மையமாக வைத்துக் கிராமம் கிராமமாக உழைத்தார். 1876-78 தாது வருடப் பஞ்சத்தை ஒட்டிய காலம் அது. அங்கே நிற்கிற லூர்து மாதா கோயில் அவர் எழுப்பியது. அன்றைக்குப் பூசை லத்தீனில். நம் கொள்ளுப்பாட்டிகளில் பலருக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாது, லத்தீன் எங்கே தெரியும்? ஆனால் மணி அடித்ததும் முழங்கால் போட்டார்கள், நற்செய்திக்கு எழுந்தார்கள். ஊரில் மறைக்கல்வி சொல்லித் தந்த உபதேசியார் வாயால் சொல்லிக் கொடுத்தது பாதி என்றால், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கற்றது மீதி. 1952இல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோதும் லத்தீன் பூசைதான் நடந்தது.

இன்றைக்கு வேலூரில் அதையே வேறு விதமாகப் பார்க்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை நம் பூசைக்கும் வருகிறார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அண்ணனுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது போல, கையை அங்கேயே வைத்திருந்தார். பாட்டு புரியவில்லை, பிரசங்கம் புரியவில்லை. எழுந்தேற்ற மணி அடித்ததும் மனைவியும் பிள்ளைகளும் நம்மவர்களோடு ஒரே நேரத்தில் தரையில் முழங்கால் போட்டார்கள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினார். ஊரை விட்டு, பாஷையை விட்டு, நோயோடு வந்தவர்கள் அந்த நிமிடத்தில் நம் பங்கு மக்களாகவே இருந்தார்கள். தம்பி, ஆளுக்கு ஒரு விதமாக இருப்போம் என்று நாம் முடிவு செய்துவிட்டால் இவர்களுக்கு அந்த இடம் எங்கே கிடைக்கும்?

அதற்காக, முழங்கால் மட்டும்தான் பக்தி என்று நினைத்து நிற்பவரை முறைக்காதீர்கள். சிலர் அப்படி முறைக்கிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. 325ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், ஞாயிற்றுக்கிழமையிலும் உயிர்ப்புத் திருநாளை ஒட்டிய பாஸ்கா காலத்திலும் நின்றுதான் ஜெபிக்க வேண்டும் என்று விதித்தது. உயிர்ப்பின் நாள் என்பதால்தான். அப்புறம் 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை சம்மதித்தது: தரையில் உட்காரலாம், செருப்பைக் கழற்றலாம், முழங்காலிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பிக் குனிந்து வணங்கலாம், முழங்கால், கை, நெற்றி தரையில் படும் பஞ்சாங்க நமஸ்காரமும் செய்யலாம். ஆக முறை மாறலாம். எதுவானாலும் நம் ஆயர் காட்டிய முறையில் சேர்ந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சகோதரி, உங்கள் கோயிலில் இன்னொன்றும் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் போட்டால் நினைத்தவர்கள்கூட முழங்கால் போட முடியாது. பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவையிலும் சொல்லி இரண்டு வரிசையைக் குறைத்து, முன்னால் பாய் விரிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகனையே அந்த வேலைக்கு அனுப்புங்கள்.

நற்கருணையைக் கையில் வாங்கலாமா, நாவில் வாங்கலாமா என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அதை அடுத்த பதிவில் பார்ப்போம்.