வில்லோ மரத்துத் தத்துப்பூச்சி: எந்த இனம் என்று அறிவது எப்படி?

[காட்சி: ஓடைக்கரையில் ஆட்டு வில்லோ மரம், கிளைக்கு அடியில் வெள்ளைத் துணி]

பிரிட்டனில் கோடையின் பிற்பகுதியில் ஆட்டு வில்லோவின் கிளையைக் கம்பால் தட்டினால், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமுள்ள வெளிர்பச்சைப் பூச்சிகள் துணியில் விழுந்து, உடனே தத்திப் பறந்துவிடும். அவற்றுள் சில பாப்புலிசெரஸ் கன்ஃபியூசஸ் என்னும் இனமாக இருக்கலாம். ஆனால் அதே மரத்தில் வேறு பச்சைத் தத்துப்பூச்சிகளும் வாழ்வதால், மேலிருந்து எடுத்த ஒரு படத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்கக் கூடாது.

[காட்சி: பின்கால், மிக நெருக்கத்தில்]

முதலில் பின்காலைப் பாருங்கள். கணைப்பகுதி நெடுகிலும் முட்கள் வரிசையாக இருந்தால் அது தத்துப்பூச்சி. வில்லோவில் வாழும் நுரைப்பூச்சிகளுக்கு அங்கே ஓரிரு தடித்த முட்களும், நுனியில் ஒரு முள்வளையமும் மட்டுமே இருக்கும்.

[காட்சி: முகம், நேர்முகமாக]

அடுத்தது முகம், என் கருத்தில் மிக அதிகம் சொல்வது இதுதான். பாப்புலிசெரஸின் தலை மழுங்கி, முன்மார்பைவிட அகன்றிருக்கும்; பெரிய கூட்டுக்கண்களைத் தவிர உள்ள இரண்டு சிறு தனிக்கண்களும் உச்சியில் இல்லாமல் முகத்திலேயே அமைந்திருக்கும். நம் மாந்தோப்புகளில் பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சும் இடியோஸ்கோபஸ் தத்துப்பூச்சியும் இதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அதைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இந்த முகம் புதிதாக இராது. இந்தத் துணைக்குடும்பத்தின் பல இனங்களில் ஆணின் உணர்கொம்பு நுனியில் சிறிய தட்டு ஒன்று இருப்பதால், அதையும் உருப்பெருக்கியில் தேடுங்கள். மாறாக, முன்மார்புத் தகட்டில் சாய்வான நுண்கோடுகள் நெருங்கி ஓடினால் அது மேக்ராப்சிஸ் என்னும் வேறொரு தத்துப்பூச்சிப் பேரினம்; உடல் மெலிந்து ஒடுங்கியிருந்தால் கைபோஸ் என்னும் மற்றொரு பேரினமாக இருக்க வாய்ப்புண்டு.

[காட்சி: வில்லோ இலையும் ஆஸ்பென் இலையும் அருகருகே]

பாப்புலிசெரஸ் பேரினத்தின் பிற ஐரோப்பிய இனங்கள் பெரும்பாலும் பாப்லர் மரங்களில் வாழ்கின்றன. பாப்புலிசெரஸ் பாப்புலி, பாப்லர் வகைகளில் ஒன்றான ஆஸ்பென் மரத்துக்குரியது. பக்கத்து மரத்திலிருந்து பறந்து வந்த பூச்சியும் வில்லோவில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதால், இறக்கை முளைக்காத இளம்பூச்சிகள் அதே கிளையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; அவை இருந்தால் அந்த மரம்தான் அவற்றின் உணவு மரம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

[காட்சி: நுண்ணோக்கி]

ஐயம் தீராவிட்டால் ஆண்பூச்சியின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, மென்தசை கரைந்தபின் கிளிசரினில் இட்டு, பிறப்புறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டும். கைபோஸ் இனங்களைப் பிரித்தறிய இதைத் தவிர நம்பகமான வழி அரிது. பெண்பூச்சி மட்டும் கிடைத்திருந்தால் பேரினப் பெயரோடு நிறுத்தி, எந்த வகை வில்லோ, எந்த இடம், எந்த நாள் என்பவற்றைச் சீட்டில் எழுதி வையுங்கள். பின்னர் அதே மரத்தில் ஆண் கிடைக்கும்போது அந்தச் சீட்டு உதவும்.