தள்ளிய விரலும் இழுத்த விரலும்

(இசை ரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

எரிக் க்ளாப்டன், ஜிம்மி பேஜ், ஸ்டீவி ரே வான். ப்ளூஸ்-ராக் கிட்டார், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் வேரூன்றிய ராக் கிட்டார் என்றதும் நம் வாயில் வரிசையாக வரும் பெயர்கள். இந்தப் புகழ் இவர்களுக்குத் தகுமா? சற்றுமுன் காபி குடிக்கும்போது இரண்டு பேர் இதற்காக ஏறக்குறைய சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.

என்னைக் கேட்டால், பெரும்பாலும் தகும். நாம் சொல்லும் காரணம்தான் தப்பு. "அடேயப்பா, என்ன வேகம்!" என்கிறோம். வேகத்தில் இவர்களைத் தூக்கிச் சாப்பிடும் பொடியன்கள் இன்று யூடியூபில் கொட்டிக் கிடக்கிறார்கள். ப்ளூஸின் உயிர் தந்தியை வளைப்பதில் இருக்கிறது. வீணையில் தந்திக்கு அடியில் இருக்கும் மெட்டுகளில் ஒன்றிலேயே விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பார்களே, அதே வேலைதான். 'க' என்னும் சுரத்தின் இரண்டு நிலைகளான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. அங்கே போய் நிற்கத் தெரிந்தவன்தான் ப்ளூஸ்காரன்.

அதில் கரைகண்டவர் ஆல்பர்ட் கிங். புல்டோசர் ஓட்டிப் பிழைத்தவர். இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்குத் தந்தி கட்டிய கிட்டாரை, தந்திகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். மெல்லிய தந்திகள் மேலே வந்துவிட்டன. மற்றவர்கள் அவற்றை மேல்நோக்கித் தள்ளுவார்கள். இவர் தரையைப் பார்த்து இழுப்பார். அந்த முரட்டுக் கை இழுக்கும்போது சுரம் ஏறுவதைக் கேட்டால், கிணற்றிலிருந்து நிறைகுடம் மேலே வருவது மாதிரி இருக்கும்.

இந்த இழுப்பை டெக்சாஸில் ஒரு வெள்ளைக்காரப் பையன் இசைத்தட்டு தேயத் தேயக் கேட்டான். அவன்தான் ஸ்டீவி ரே வான். 1983இல் அவன் கிட்டார் வாசித்த, பாடகர் டேவிட் பௌவியின் 'லெட்ஸ் டான்ஸ்' வெளியானபோது உலகமே யார் இந்தக் கிட்டார் என்று கேட்டது. ஆல்பர்ட் கிங்கைத் தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

அப்படியானால் வான் வெறும் நகலா? இல்லை. சாதாரணமாக முதல் தந்தி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9, 10 பங்கு தடிமன் இருக்கும். வான் 13 போட்டார். விரல்நுனி பிய்ந்தால் சூப்பர் க்ளூ தடவிக்கொண்டு மறுபடி வாசித்தார். குரு இழுத்ததைச் சீடன் தள்ளியே எட்டிப் பிடித்தார். அந்த உழைப்புக்கு வந்த புகழை எப்படிக் குறை சொல்வது?

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 'டெக்சாஸ் ஃப்ளட்' என்றால் வான் பாட்டு என்கிறோம். 1958இல் அதை முதலில் பதிவு செய்தவர் லாரி டேவிஸ். இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? ஜிம்மி பேஜின் லெட் செப்பெலின் குழு கதை இன்னும் மோசம். 'ஹோல் லாட்டா லவ்' வரிகளுக்காக ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987இல் சமரசம் ஆனது. பேஜ் நல்ல கலைஞர்தான். கடனை வழக்குக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

க்ளாப்டனைப் பற்றி ஒரே வார்த்தை. 1966இல் ஜான் மேயாலின் குழுவோடு செய்த இசைத்தட்டில் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகி, ஸ்டுடியோவிலும் மேடைச் சத்தம்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தாரே, அந்த ஒலிக்கு எந்தப் புகழும் தகும். "க்ளாப்டன்தான் கடவுள்" என்று லண்டன் சுவரில் எழுதியவர்களை நான் மன்னித்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்ததில் பாதிக்கு மேல் எனக்குத் தூக்கம் வரும். சண்டைக்கு வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் வரலாம்.

கடைசியாக ஓர் ஒலிப்பதிவு போடப்போகிறேன். 1983 டிசம்பர், கனடாவில் ஹாமில்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம். கிங்குக்கு 60 வயது, வானுக்கு 29. வானோடு வாசிக்கக் கேட்டபோது கிங்குக்குப் பெயர் பிடிபடவே இல்லையாம். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் தன் மேடையில் ஏறி வாசித்த ஒல்லிப் பையன்தான் அது என்று பிறகுதான் புரிந்ததாம். வானின் சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்றைத் தவிர, அன்று முழுக்கக் கிங்கின் கச்சேரிதான். 1999இல் இசைத்தட்டாக வந்தது.

இப்போது போடுவது 'ப்ளூஸ் அட் சன்ரைஸ்'. கால் மணி நேரம் ஓடும். எந்தச் சுரம் தள்ளியது, எது இழுத்தது என்று பிரித்துப் பாருங்கள். எனக்கு இன்னும் இரண்டு இடத்தில் தடுமாறுகிறது. தம்பி, விளக்கைக் கொஞ்சம் குறை.