சாளரம் இழுபடவில்லையா? லினக்ஸில் திரையை வரைவது யார் என்று பாருங்கள்

[திரையில்: லினக்ஸ் மின்ட் டெஸ்க்டாப். ஒரு சாளரத்தைப் பிடித்து இழுக்கிறோம்.]

வணக்கம். திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். இந்தச் சாளரத்தைக் கவனியுங்கள். மவுஸ் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது, சாளரம் இப்போதுதான் தயங்கித் தயங்கிப் பின்னால் வருகிறது. மெனு மெதுவாக எழும்பி வர வேண்டும். அதுவும் வெட்டி வெட்டி வருகிறது. ஃபேன் சத்தம் நிற்கவே இல்லை.

இது உவர்மலையில் ஒரு ரியூசன் வகுப்பில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் கணினி. இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது, சிபியுவுக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 2000தான். உயர்தரத்தில் ஐசிடி எடுக்கிற பிள்ளைகள் இதில்தான் பழகுகிறார்கள். "லினக்ஸ் என்றாலே இப்படித்தான்" என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடப் பார்க்கிறார்கள். நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. ஃபோன் டேட்டாவில் அதை இறக்கி, திரும்பவும் நிறுவி, திரும்பவும் இதே இடத்தில் வந்து நிற்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுவோம்: இந்தத் திரையை இப்போது வரைந்துகொண்டிருப்பது யார், கிராஃபிக்ஸ் சிப்பா, சிபியுவா?

ஏன் இந்தக் கேள்வி என்று சொல்கிறேன். இன்றைய டெஸ்க்டாப்பில் எந்தச் சாளரமும் நேரே திரையில் வரையப்படுவதில்லை. ஒவ்வொன்றும் நினைவகத்தில் தனியாக வரையப்படும். அப்புறம் கம்பாசிட்டர் என்ற நிரல் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நிழல், கண்ணாடி மாதிரித் தெரியும் ஓரம் எல்லாம் சேர்த்து, முழுப் படமாக அனுப்பும். 2006இல் நொவெல் நிறுவனத்தில் இருந்த டேவிட் ரெவ்மன் வெளியிட்ட காம்பிஸ் என்ற கம்பாசிட்டர் நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். டெஸ்க்டாப் ஒரு கனசதுரமாகச் சுழன்றதே, அது. இன்று சினமன் டெஸ்க்டாப்பில் மஃபின், ஜினோமில் மட்டர், கேடிஇயில் கேவின் இந்த வேலையைச் செய்கின்றன.

இந்த அடுக்கும் வேலை ஓப்பன்ஜிஎல் வழியாக நடக்கிறது. நிரல்கள் படம் வரையச் சொல்லும் பொதுவான முறை அது. 1920க்கு 1080 திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். விநாடிக்கு 60 தடவை என்றால் 12 கோடியைத் தாண்டுகிறது. கிராஃபிக்ஸ் சிப்புக்கு இது பெரிய வேலையே இல்லை. ஆனால் சிப்பைப் பிடிக்க முடியாவிட்டால், லினக்ஸில் ஓப்பன்ஜிஎல் வேலையைப் பார்க்கும் மீசா நூலகம் கையை விரிப்பதில்லை. எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் டிரைவரிடம் வேலையைக் கொடுத்துவிடும். அது முழுவதையும் சிபியுவிலேயே வரையும். படமும் வரும், பல டெஸ்க்டாப்புகளில் பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஆட்களைக் குழப்புவது இதுதான்.

[திரையில்: டெர்மினல்.]

மீசா-யுடில்ஸ் பொதியை நிறுவிக்கொள்ளுங்கள், சின்னதுதான். பிறகு திரையில் காட்டியிருப்பதுபோல ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ, ஓர் இடைவெளி, ஹைஃபன், பெரிய எழுத்து பி. வரும் வரிகளில் ஓப்பன்ஜிஎல் ரெண்டரர் என்று தொடங்குவதை மட்டும் பாருங்கள். நம் கணினியில் எல்எல்விஎம்பைப் என்று வந்திருக்கிறது. ஆக, வரைவது சிபியு.

அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 256 பிட்ஸ் என்று இருக்கிறதல்லவா? "அண்ணா, அது கார்டு மெமரியா?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். இல்லை தம்பி. சிபியு ஒரே அடியில் எத்தனை பிட் கணக்குப் போடுகிறது என்பதன் அளவு அது. ஏவிஎக்ஸ் என்ற கணக்கு வசதி உள்ள சிபியுவில் 256 என்று வரும், பழைய கோர் 2 டுவோவில் 128 என்று வரும். கிராஃபிக்ஸ் நினைவகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு எச்சரிக்கை. ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற பல்சக்கர நிரலை ஓடவிட்டு, "60தான் காட்டுகிறது, கார்டு மோசம்" என்று சொல்லாதீர்கள். மானிட்டர் விநாடிக்கு 60 தடவை புதுப்பித்தால் அதுவும் 60இலேயே நிற்கும். அது அளவுகோல் இல்லை.

சரி, சிப் இருந்தும் ஏன் பிடிபடவில்லை? அடுத்த கட்டளை, கணினியில் உள்ள சிப்புகளையும் அட்டைகளையும் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, ஹைஃபன், சிறிய கே. விஜிஏ என்று வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

[திரையில்: விஜிஏ பகுதியைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம்.]

இங்கே இரண்டு வரிகள் இருக்க வேண்டும். ஒன்று, இந்தச் சிப்புக்குப் பொருத்தமான கெர்னல் மாட்யூல், அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏற்றிக்கொள்ளும் டிரைவர், எது என்பது. இன்னொன்று, இப்போது பயன்பாட்டில் உள்ள டிரைவர் எது என்பது. நம்மிடம் முதல் வரி இருக்கிறது, ஐ915 என்று. இரண்டாவது வரியைக் காணோம். டிரைவர் வட்டில் இருக்கிறது, ஆனால் வேலைக்கு வரவில்லை. புதிதாக எதையும் இறக்க வேண்டியதில்லை என்பது இங்கேயே தெரிந்துவிட்டது. அதை யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தடுப்பது யார் என்று பார்க்க, கெர்னல் எந்த வரியோடு தொடங்கியது என்பதைப் படிக்க வேண்டும். ப்ராக் கோப்புறைக்குள் சிஎம்டிலைன் என்ற கோப்பு. திறந்தால், கடைசியில் நோமோட்செட்.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நிறுவும்போது திரை கறுப்பாக வந்தால், நோமோட்செட் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அந்த நேரத்துக்கு அது நல்ல ஆலோசனைதான். ஆனால் அது கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடங்க விடாமல் நிறுத்துகிறது. ஐ915, ஏஎம்டிஜிபியு, நூவோ எதுவும் அதோடு ஏறாது. நிறுவி முடித்தபின் அதை எடுக்க மறந்தால், கணினி ஆயுள் முழுக்கச் சிபியுவால்தான் வரையும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில், விசிறி மட்டும் சுழலும் ஓர் அறையில், அந்தச் சிபியு நாள் முழுக்கக் கொதிக்கிறது.

உடனே கோப்பைத் திருத்தாதீர்கள். முதலில் தற்காலிகமாகச் சோதியுங்கள். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் அழுத்தி கிரப் என்ற தொடக்க மெனுவைக் கொண்டுவந்து, ஈ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியிலிருந்து நோமோட்செட்டை மட்டும் அழித்து, எஃப்10 அழுத்துங்கள். திரை கறுத்துவிட்டால் பயமில்லை, மறுபடி தொடக்கினால் பழையபடி வந்துவிடும். நன்றாக வந்தால் மட்டும், ஈடிசி கோப்புறையில் டிஃபால்ட்டுக்குள் உள்ள கிரப் கோப்பில் நிரந்தரமாக எடுத்துவிட்டு, அப்டேட்-கிரப் கட்டளையைக் கொடுங்கள்.

[திரையில்: மறுபடி தொடங்கிய டெஸ்க்டாப். சாளரம் மவுஸோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது. ரெண்டரர் வரியில் இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் 2000.]

உங்கள் கணினியில் காரணம் வேறாக இருக்கலாம். ஏடிஐ, ஏஎம்டி ரேடியான் என்றால் ஃபர்ம்வேரை, அதாவது டிரைவர் சிப்புக்குள் ஏற்றும் சிறு நிரல் கோப்பை, சந்தேகியுங்கள். டிமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்று எழுதியிருக்கும். 2023இல் வந்த டெபியன் 12க்கு முந்திய அதிகாரபூர்வ டெபியன் நிறுவிகளில் இந்தக் கோப்புகள் சேர்ந்து வராது, தனியாகப் போட வேண்டும். என்விடியாவில், நேற்று வரை ஓடி, கெர்னல் புதுப்பித்ததும் நின்றால், புதிய கெர்னலுக்கான ஹெடர் பொதி இல்லாமல் மாட்யூல் கட்டப்படாமல் போயிருக்கலாம். தொடக்கத்தில் கையொப்பம் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, அடுத்த தொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும். அதில், கையொப்பச் சாவியைப் பதிவு செய்யும் என்ரோல் மோக் என்பதைத் தெரிவு செய்யாமல் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான்.

கேடிஇ பிளாஸ்மா 5 பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று. எல்லாம் சரிசெய்தும் எஃபெக்ட்ஸ் வராவிட்டால், கேவின்ஆர்சி கோப்பில் ஓப்பன்ஜிஎல்இஸ்அன்சேஃப் என்ற வரி ட்ரூ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை கேவின் விழுந்தால் அது தானாகவே அப்படிக் குறித்து வைக்கும். டிரைவர் குணமானது அதற்குத் தெரியாது. ஃபால்ஸ் என்று மாற்றிவிட்டு, வெளியேறி உள்நுழையுங்கள்.

எல்எஸ்பிசிஐயில் தனி கிராஃபிக்ஸ் அட்டை பெயரே வராவிட்டால் மென்பொருளை விடுங்கள். கடற்கரை ஊர் நம்முடையது, உப்புக்காற்று அட்டையின் தொடுமுனைகளை அரிக்கும். மின்சாரத்தை எடுத்துவிட்டு, அட்டையைக் கழற்றி, முனைகளைத் துடைத்துத் திரும்ப அழுத்திப் போட்டுப் பாருங்கள்.

சில சிப்புகளுக்கு வழியே இல்லை. 2011, 2012 வாக்கில் வந்த குட்டி நெட்புக்குகளில் இருக்கும் இன்டெல் ஜிஎம்ஏ 3600 அப்படிப்பட்டது. உள்ளே இருப்பது பவர்விஆர், மீசாவில் அதற்கு முப்பரிமாண டிரைவர் கிடையாது. எல்எல்விஎம்பைப் வருவது அங்கே பிழையல்ல. அந்தக் கணினியைத் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் போட்டு, விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டர் தாவலுக்குப் போய், அந்த முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். நிழல் போகும், மங்கி எழும் மெனு போகும். பைத்தான் எழுதவும், தமிழில் தட்டச்சுப் பழகவும் அது தாராளமாகப் போதும்.