புடைக்கப்பட்டாலும் ஒழிந்துபோகாத விசுவாசம்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

விசுவாசத்தைவிட்டுப் பின்வாங்கிப்போனவர்களைப் பற்றிப் பேசும்போது, உலக ஆசைகளும் உபத்திரவங்களுமே அவர்களை இழுத்துச் சென்றதாக வழக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களில் பலரை வெளியேற்றியது தங்களைக் குறித்த அவமானமே என்பது என் எண்ணம். கண்ணீரோடு அறிக்கையிட்ட அதே பாவத்தில் மறுபடியும் விழுந்த ஒருவர், ‘இனி எந்த முகத்தோடு ஜெபத்தில் நிற்பேன்?’ என்று கேட்டுக்கொண்டு, முதலில் தனிஜெபத்தையும், பிறகு திருவிருந்தையும், கடைசியில் சபையையும் விட்டு ஒதுங்குகிறார். அவர் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. தமக்கு எதிராகத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

அப்படிப்பட்டவர்களுக்காகவே லூக்கா 22ஆம் அதிகாரத்தின் 31, 32ஆம் வசனங்களை இன்று எடுத்துக்கொள்கிறேன். கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலச் சீஷர்களைப் புடைக்கச் சாத்தான் உத்தரவு கேட்டதைச் சொன்ன இயேசு, சீமோனை நோக்கி, “நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து” என்கிறார். புடைக்கப்படுதலே வேண்டாம் என்று அவர் வேண்டிக்கொண்டதாக இங்கே இல்லை. பேதுரு மூன்றுதரம் மறுதலிப்பான் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அதை அடுத்த சில வசனங்களிலேயே அவனிடம் வெளிப்படையாகச் சொல்கிறார். அப்படியிருந்தும், விழுவதற்கு முன்பே, எழுந்தபின் அவன் செய்யவேண்டிய ஊழியத்தை அவனிடம் ஒப்படைத்துவிடுகிறார். ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன் பேதுருவின் தைரியம் காணாமற்போனது. கர்த்தருடைய வேண்டுதலோ அவனுடைய தைரியத்தைச் சார்ந்திருக்கவில்லை.

அதே இரவில் யூதாசும் விழுந்தான். யூதாஸ் மனஸ்தாபப்பட்டான் என்று மத்தேயு எழுதுகிறார். முப்பது வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுபோனான். ஆகவே இருவருக்கும் இருந்த வித்தியாசத்தைத் துக்கத்தின் அளவில் தேடுவது சரியாகாது. யூதாஸ் தன் பாவத்தைப் பிரதான ஆசாரியரிடம் கொண்டுபோனான்; அவர்கள் “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்று கைவிரித்தார்கள். பேதுருவோ மனங்கசந்து அழுதபின், மற்ற சீஷர்களோடு தங்கியிருந்தான். கல்லறை வெறுமையாயிருக்கிறதென்ற செய்தி வந்தபோது எழுந்து ஓடினான். அவனிடம் அப்போது மிஞ்சியிருந்த விசுவாசம் அவ்வளவுதான். அது போதுமானதாயிருந்தது.

பவுலும் தம் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். அந்த முள் எது என்று அவர் சொல்லவில்லை. அது நோயா, எதிரிகளா, சோதனையா என்று நாம் விவாதித்துக்கொண்டே இருக்கிறோம். முள் நீங்கவில்லை என்பதும், “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் வந்தது என்பதுமே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

‘அப்படியானால் விழுந்துகொண்டே இருக்கலாமா?’ என்று ஒருவர் கேட்கலாம். ரோமர் 6ஆம் அதிகாரம் அதற்குக் கூடாது என்று கண்டிப்பாகவே பதில் சொல்கிறது. உண்மையில், பாவத்தோடு சமாதானம் செய்துகொண்டவருக்கு இந்தக் கேள்வி எழுவதேயில்லை.

ஆதித் திருச்சபையும் இந்தச் சிக்கலில் அகப்பட்டுத் தவித்தது. 250ஆம் ஆண்டில் பேரரசர் டெசியஸின் ஆணைப்படி, ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டதற்கான சான்றிதழை மக்கள் பெறவேண்டியிருந்தது. பல கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே சான்றிதழை விலைகொடுத்து வாங்கினார்கள். உபத்திரவம் தணிந்தபின் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தபோது, ரோமாபுரியில் நோவாசியன் என்ற மூப்பர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே கூடாதென்று பிரிந்துபோனார். வடஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் நகரத்தின் கண்காணியாகிய (பேராயராகிய) சிப்ரியான், அவசரப்பட்டுச் சேர்ப்பதையும் ஏற்கவில்லை, கதவை அடைப்பதையும் ஏற்கவில்லை. அந்த உபத்திரவத்தின்போது மறைவிடத்திற்குப் போனதற்காக அவரே விமரிசனத்திற்கு ஆளானவர் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 251இல் கூடிய ஆலோசனைச் சங்கம், பலியிட்டவர்களுக்கு நீண்டகால மனந்திரும்புதலை விதித்தது.

ஓரிரு ஆண்டுகளுக்குள் மறுபடியும் உபத்திரவம் வரும்போலத் தோன்றியது. இப்போது பலவீனர்களை இன்னும் தூரத்தில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்று யாருக்கும் தோன்றும். சிப்ரியானும் உடன் கண்காணிகளும் நேர்மாறாக முடிவெடுத்தார்கள்: மனந்திரும்புதலில் நிலைத்திருந்தவர்களைக் காலம் முடியும்முன்பே திருவிருந்தில் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தும்படி அழைக்கப்படுகிறவர்களுக்குக் கிறிஸ்துவின் இரத்தத்தைக் கொடுக்காமல் எப்படிப் போராட்டத்திற்கு அனுப்புவது என்பதே அவர்களுடைய வாதம். 258இல் சிப்ரியானுடைய முறை வந்தபோது, அவர் விசுவாசத்தை மறுதலிக்காமல் தலைவெட்டுண்டு மரித்தார்.

ஆகையால், நேற்று விழுந்தவரே, அடுத்த திருவிருந்து ஆராதனைக்கு முன்பாக, முதிர்ந்த ஒரு விசுவாசியிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, அவரோடு ஜெபம்பண்ணுங்கள். பின்பு, தகுதி வந்துவிட்டதா என்று உங்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிராமல், பந்திக்கு வாருங்கள்.