வண்டலூர்ல 23 செகண்ட்: சோலைமந்தி சிக்கிருச்சு மக்களே!

வணக்கம் மக்களே! முதல்ல விஷயத்தைச் சொல்லிடுறேன், இல்லேன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும். கிடைச்சிருச்சு! சோலைமந்திக் குரங்கு வாயைப் பிளந்து கொட்டாவி விடுற ஷாட்! மூணு வீடியோவா உங்ககிட்ட புலம்பிட்டே இருந்தேனே, அதேதான். 23 செகண்ட். ராத்திரி நாலு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன், 23.

சரி, முதல்லேர்ந்து வரேன். நேத்து காலைல ரயில்ல போய் வண்டலூர்ல இறங்கி மிருகக்காட்சி சாலைக்கு நடந்தேன். எங்க ஆயாகிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். அது இன்னும் "உயிர் காலேஜுக்கா போறே?"ன்னுதான் கேக்கும். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். பழைய மெட்ராஸ்காரங்க பேச்சு. ரெண்டும் ஒரே இடத்துல பொறந்ததுதான் தெரியுமா? 1855ல மியூசியத்தைப் பார்த்துக்கிட்ட பால்ஃபர்ங்கிற டாக்டர்தான் அங்கேயே மிருகங்களையும் வெச்சு ஆரம்பிச்சார். அப்புறம் சென்ட்ரல் பக்கம் போச்சு. ஆயா சின்ன வயசுல பார்த்தது அதைத்தான். வண்டலூருக்கு வந்தது 1985ல.

உள்ள போனதும் அத்தனை கூட்டமும் எங்க ஓடும்? வெள்ளைப்புலிக்கு. எனக்கு அது சுத்தமா பிடிக்காது, உங்களுக்கே தெரியும். புலியைச் சொல்லலை, பாவம் அது என்ன பண்ணும். அந்த மோகத்தைச் சொல்றேன். அது தனி இனமே கிடையாது. 1951ல, இப்ப மத்தியப் பிரதேசத்துல இருக்கற ரேவா பக்கத்துக் காட்டுல ஒரு குட்டியைப் பிடிச்சு மோகன்னு பேர் வெச்சாங்க. இன்னிக்குக் கூண்டுல இருக்கற வெள்ளைப்புலிங்க பெரும்பாலும் அதோட வம்சம்தான். அந்த நிறம் வேணும்னே சொந்தத்துக்குள்ளயே சேர்த்துச் சேர்த்து வளர்த்தது.

ஆனா சோலைமந்தி? சிங்கவால் குரங்குன்னும் சொல்வாங்க. உலகத்துலயே நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு. காட்டுல மிஞ்சி மிஞ்சிப் போனா ஒரு நாலாயிரம்தான். அதுக்கு முன்னாடி வந்து நின்னு, "ப்ச், கொரங்கு"ன்னு ரெண்டே நிமிஷத்துல போறாங்க மக்களே! வயிறு எரியுது.

நான் முக்கால் மணி நேரம் நின்னேன். ஒரு அம்மா மந்தி, மடியில குட்டி. அம்மாவுக்கு முகத்தைச் சுத்தி வெள்ளிப் பிடரி, குட்டிக்கு அது இன்னும் வரலை, காது மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது. அம்மா ஒரு காஞ்ச இலையை எடுத்து, மெதுவா விரிச்சு, உள்ள பூச்சி இருக்கான்னு பார்த்துட்டு கீழ போடுது. அடுத்த இலை. அடுத்த இலை. நாம கீரை ஆயற மாதிரியே. கன்னத்துப் பை வேற ரெண்டு பக்கமும் உப்பிக் கிடக்கு.

அப்பதான் பக்கத்துல ஒருத்தர் அகழியைத் தாண்டி சிப்ஸ் வீசினார். "அண்ணா, போடாதீங்க"ன்னேன். "ஒண்ணே ஒண்ணுதானே"ங்கறார். ஒவ்வொருத்தரும் ஒண்ணு போட்டா ஒரு நாளைக்கு எவ்ளோண்ணா? வால்பாறையில இதே இனம் டவுன் ஓரமா ரோட்டைத் தாண்டும்போது அடிபடுதுன்னு, மரத்துக்கு மரம் கயித்துப் பாலம் கட்டி விட்டிருக்காங்க. அவ்ளோ பாடுபட்டுக் காப்பாத்தற உசுருக்கு மசாலா சிப்ஸ்!

ஐயோ, சொல்ல மறந்துட்டேன். போன தடவை நான் போன மாதிரி செவ்வாய்க்கிழமை போயிடாதீங்க, லீவு. டிக்கெட் பெரியவங்களுக்கு 200 ரூபா. தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்க. தொப்பி கட்டாயம்.

எங்க விட்டேன்? ஆங், கொட்டாவி. போன்ல சார்ஜ் 4 சதவீதம். பவர் பேங்க் வீட்டுல சார்ஜர்லயே தொங்குது. ரெக்கார்டிங்கை அணைச்சிடலாம்னு விரல் போகுது, அப்ப மேல கிளையில படுத்திருந்த பெரிய ஆண் எழுந்துச்சு. வால் நுனியில அந்தக் குஞ்சம் அப்படியே ஆடுது. எங்க பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாயைத் தொறந்துச்சு பாருங்க... மேல ரெண்டு கோரைப்பல்லு, என் சுண்டுவிரல் நீளம்! நான் மூச்சே விடலை. மூடிட்டு, குட்டி இருக்கற பக்கம் ஒரு பார்வை. போன் அணைஞ்சு போச்சு. ஆனா ஃபைல் பதிவாகியிருந்துச்சு மக்களே, முழுசா!

இதோ போடறேன். வெட்டலை, பாட்டு சேர்க்கலை. 19வது செகண்ட்ல வலது பக்கம் குட்டியோட கையை மட்டும் பாருங்க.