சுவருக்கு இரு பக்கமும்

அவையோருக்கு வணக்கம்.

வெவ்வேறு ஆய்வுத் துறைகள் கைகோக்க வேண்டும் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். கோத்த கைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. இன்று அதைப் பேசலாம்.

சி.டி. ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளைப் பல கோணங்களில் ஊடுருவி அளந்தால், அதன் உட்பகுதியைக் கணக்கிட்டுவிடலாம். இதற்கான கணிதத்தை யோஹான் ராடான் 1917-லேயே வெளியிட்டுவிட்டார். அது கணிதக்காரர்களோடு நின்றுபோனது. 1956-ல் கேப் டவுன் மருத்துவமனை ஒன்றில் பகுதிநேரமாக வேலை பார்த்த இயற்பியலாளர் ஆலன் கார்மாக்குக்கு, கதிர்வீச்சு சிகிச்சையைத் திட்டமிட அதே கணக்கு தேவைப்பட்டது. ராடானைப் பற்றி அவருக்குத் தெரியாது. முதலிலிருந்து தானே போட்டார். 1963-லும் 1964-லும் இயற்பியல் இதழில் வெளியிட்டார். ஏறத்தாழ யாருமே சீண்டவில்லை. மருத்துவர்கள் அந்த இதழைப் புரட்டுபவர்களா என்ன?

1917-ல் கணினி கிடையாது. ஆகவே முழுத் தாமதத்தையும் துறைச்சுவரின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் போட்ட கணக்கையே இன்னொருவர் மறுபடி போட்டாரே, அது சுவரின் வேலைதான்.

கடைசியில் கருவியைக் கட்டியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற பொறியாளர். அவருக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் என்ற கதிரியக்க மருத்துவர் இருந்தார். சோதனைக்கு முதலில் ஃபார்மலினில் பதப்படுத்திய மூளையை வைத்தார்கள். படம் பிரமாதமாக விழுந்தது. பிறகுதான் ஃபார்மலினே அளவீடுகளைக் கூட்டிக் காட்டியது தெரியவந்தது. புதிதாக எடுத்த மாட்டு மூளையை வைத்துச் சரிபார்த்தார்கள். 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979-ல் மருத்துவ நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. ஒருவர் பொறியாளர், இன்னொருவர் இயற்பியலாளர்!

ஃபார்மலின் போன்ற சிக்கல்கள் திட்ட அறிக்கையில் வராது. கூட உட்கார்ந்து வேலை பார்க்கும்போதுதான் தலைகாட்டும். நிதி தருபவர்களோ முதல் நாளே முடிவைக் கேட்கிறார்கள். அடுத்த துறைக்காரரின் கேள்வி என்ன என்று புரிந்துகொள்ளவே சில மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களுக்கென்று தனியாக, சிறியதாக ஒரு தொகை வேண்டும். ஒன்றும் தேறாமல் போனாலும் கணக்கு கேட்கக் கூடாது. என்னைக் கேட்டால், பெரிய மையங்களுக்குக் கட்டடம் எழுப்புவதைவிட இதுதான் உருப்படியான செலவு.

அடுத்தது பெயர் வரிசை. சிரிக்காதீர்கள், பாதி கூட்டணிகள் உடைவது இங்கேதான். கணிதக் கட்டுரைகளில் பெரும்பாலும் அகர வரிசை. உயிரியலில் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கு. இருவரும் சேர்ந்து எழுதினால், ஒருவர் சாதாரணமாக நினைக்கும் இடம் மற்றவருக்கு அவமானமாகப் படும். முதல் கூட்டத்திலேயே பேசி எழுத்தில் வைத்துவிடுங்கள். யார் எந்த வேலையைச் செய்தார் என்று 14 வகையாகப் பிரித்துக் குறிப்பிடும் முறையைப் பல இதழ்கள் இப்போது ஏற்கின்றன. பதவி உயர்வுக் குழுக்கள் அந்தக் குறிப்பைப் படித்தால் இன்னும் நல்லது.

புள்ளியியலாளரையும் முதல் நாளே கூப்பிடுங்கள். சோதனை முடிந்தபின் அழைப்பது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பது மாதிரி என்று புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் 1938-லேயே சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒருவர். தரவு எந்தக் கோப்பில், எந்த அலகில் இருக்கிறது, எந்தக் கருவி எப்போது மாற்றப்பட்டது என்றெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் எடுத்துச் சொல்பவர். பல இடங்களில் அவர் ஒப்பந்த ஊழியர். நிதி குறைந்தால் முதலில் வெளியே போகிறவரும் அவர்தான். அடுத்த விண்ணப்பத்தை எழுதும்போது, அவருடைய சம்பளத்தை முதல் வரியில் போடுங்கள்.