ரசாயனம் சிந்திய தரையும் சர்ஃபாக்டன்ட் தெளிப்பும்

[காட்சி: கடலூர் சிப்காட் வளாகம், அதை ஒட்டி ஓடும் உப்பனாறு]

குரல்: வணக்கம். உப்பனாற்றில் வலை வீசிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, ஆலையிலோ கிடங்கிலோ சிந்திய ரசாயனத்தை, சர்ஃபாக்டன்ட் எனப்படும் சோப்பு போன்ற அழுக்கு நீக்கும் பொருள் கலந்த நீரைத் தெளித்துக் கழுவி எடுக்கும் முறையைச் சொல்லும்போது, கழுவிய தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

[காட்சி: பெயின்ட் பூசிய இரும்பு மேசை, அதன்மேல் விழும் நீர் முத்து முத்தாக உருளுகிறது]

கரைப்பானில் கலந்த குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இந்த மேசையில் சிந்தியதாக வைத்துக்கொள்வோம். கரைப்பான் ஆவியானதும் மருந்து மட்டும் பிசுக்காகப் படிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் அது ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான் கரையும் என்பதால், வெறும் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாலும் பிசுக்கு அகலாது.

சர்ஃபாக்டன்ட் மூலக்கூறின் தலை தண்ணீரையும் வால் எண்ணெயையும் நாடும். அதனால் நீரை முத்தாகத் திரட்டிவைக்கும் பரப்பு இழுவிசை, மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து ஏறத்தாழ 30 வரை இறங்கி, உருண்டு ஓடிய நீர் பிசுக்கின் அடிவரை பரவுகிறது. செறிவு ஒரு வரம்பைத் தாண்டியதும், வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாக மூலக்கூறுகள் திரண்டு மிசெல் எனப்படும் நுண்ணுருண்டைகளாகி, மருந்தைத் தம்முள் வாங்கிக்கொள்கின்றன. சோடியம் லாரில் சல்பேட் என்ற சர்ஃபாக்டன்ட்டுக்குத் தூய நீரில் இந்த வரம்பு லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம். நுரை வருகிறதே என்று அளவு பார்க்காமல் கலப்பது வீண்வேலை. கடலோரத்து போர் தண்ணீர் கடினமாக இருந்தால் சாதாரண சோப்பு திரிந்துவிடும். மின்சுமை இல்லாத வகை சர்ஃபாக்டன்ட்டே அங்கு ஏற்றது.

[காட்சி: கையுறை, கண்ணாடி, சுவாசக் கவசம் அணிந்த பணியாளர், மணல் மூட்டையால் அடைத்த வடிகால்]

முதலில் வடிகாலை அடைத்து, தேங்கிய திரவத்தை உலர்ந்த மணலில் உறிஞ்சி எடுத்த பிறகே தெளிப்பானைத் தொட வேண்டும். அழுத்தம் குறைவாக இருக்கட்டும். மோட்டார் பம்பால் பீய்ச்சினால் தரையில் கிடந்த நஞ்சு புகைபோல எழும்பி மூச்சில் ஏறும். சில நிமிடம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தெடுக்க வேண்டும். சோடியம் உலோகம் போல நீர் பட்டால் தீப்பற்றும் பொருள்களுக்கு இம்முறை அறவே கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்: எல்லாவற்றிலும் பிளீச்சிங் கரைசலைச் சேர்க்கும் பழக்கம் ஆபத்தானது. குளோரின் பட்டால் குளோர்பைரிபாஸ் அதைவிடக் கொடிய, கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜன் ஏறிய ‘ஆக்சன்’ வடிவமாக மாறக்கூடும். பிளீச்சிங் கரைசலோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயுவே வெளிவரும்.

[காட்சி: மூடி, விவரச்சீட்டு ஒட்டிய பீப்பாய்கள்]

மிசெல் நஞ்சை இடம் மாற்றுகிறதே தவிர, அழிப்பதில்லை. மேசையில் இருந்ததெல்லாம் இப்போது இந்தப் பீப்பாயில் இருக்கிறது. நீரில் பரவிவிட்டதால் முன்னைவிட எளிதாக ஓடும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இதைப் பொதுவாக 90 நாள் வரைதான் வளாகத்தில் வைத்திருக்கலாம். பிறகு கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அங்கீகாரம் பெற்ற கழிவு மையத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

சிமென்ட் தரை வேறு கதை. நுண்துளைகளுக்குள் இறங்கிய மருந்தைத் தெளிப்பு எட்டாது. தரையைத் துடைத்த பஞ்சை ஆய்வகத்தில் சோதித்து, மீண்டும் மீண்டும் நஞ்சு தென்பட்டால், அந்தப் பகுதியைக் கொத்தியெடுத்து அதையும் அபாயக் கழிவாகவே அனுப்ப வேண்டும்.